நோயை அடக்கும் கலங்களும் அவற்றை அடக்கும் கலங்களும்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் வைத்தியர்களை நோக்கி எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. "கிருமி கட்டுப்பட்டு விட்டது, காய்ச்சலும் தணிந்து விட்டது என்று சென்ற வாரம் கூறினீர்களே, பின்னர் ஏன் உயிர் பிரிந்தது?" என்பதே அது. நியாயமான இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நீண்ட காலமாகத் தெளிவான விடையெதனையும் வைத்திருக்கவில்லை. கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேற்கொள்ளப்பட்டு வரும் ஆய்வுகள் அவ்விடையின் ஒரு பகுதியை வெளிக்கொணர்ந்துள்ளன. நமது குருதியில் மிகச் சிறிய அளவிலேயே காணப்படும் ஒருவகைக் கலங்களுடன் அவ்விடை தொடர்புபட்டிருக்கின்றது. ஒழுங்காக்கும் ரீ கலங்கள் என அவை அழைக்கப்படுகின்றன.

முதலில் நோயைப் பற்றி நோக்குவோம். செப்சிஸ் என மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நிலையைக் குருதி நஞ்சாதல் எனப் பொதுவாகக் கூறுவர். இப்பெயர் ஓரளவுக்கு நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடியது. குருதியில் நஞ்சு கலந்ததால் மாத்திரம் நோயாளி இறப்பதில்லை. 2016ஆம் ஆண்டில் சர்வதேச நிபுணர் குழுவொன்று வெளியிட்ட வரைவிலக்கணத்தின்படி, தொற்றொன்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை நிலைதவறி, அதனால் உடலின் உறுப்புகளே செயலிழந்து உயிராபத்து ஏற்படும் நிலைதான் செப்சிஸ் ஆகும். கிருமி நெருப்பை மூட்டுகின்றது. வீட்டை எரிப்பதில் வீட்டுக்காரனின் கைக்கும் பங்கிருக்கின்றது.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான உலகளாவிய மதிப்பீடொன்று, 2017ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாகினர் எனவும், அவர்களுள் சுமார் 1 கோடியே 10 இலட்சம் பேர் உயிரிழந்தனர் எனவும் தெரிவித்தது. அவ்வாண்டில் உலகில் நிகழ்ந்த இறப்புகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று இதுவாகும். நோயுற்றோரில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களின் தொகை இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. பாதிப்பின் பெரும்பகுதி வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலேயே பதிவாகியது. நியூமோனியா, சிறுநீர்த் தொற்று, பிரசவத்தின் பின்னரான தொற்று, ஆறாத புண் என எதுவும் இதற்கு வாயிலாக அமையலாம். வயல்களில் இறங்கி உழைப்போரை மழைக்காலந்தோறும் அச்சுறுத்தும் எலிக்காய்ச்சலும், கடுமையான நிலையில் சிறுநீரகங்களையும் நுரையீரலையும் செயலிழக்கச் செய்வது இவ்வழியிலேயே என்பதை நம் நாட்டவர்க்கு விரிவாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

செப்சிஸ் என்பது எதிர்வினையின் மிகையால் நேர்வது என்றே பல தசாப்தங்களாகக் கருதப்பட்டது. உடலின் பாதுகாப்புக் கலங்கள் அளவுகடந்து கிளர்ந்தெழுந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெள்ளமெனப் பாய்ச்சுகின்றன. குருதிக் கலன்கள் கசிகின்றன. குருதி அமுக்கம் வீழ்கின்றது. உறுப்புகள் ஒட்சிசன் இன்றித் தவிக்கின்றன. அவ்வாறாயின் அவ்வெள்ளத்தை அணைகட்டித் தடுத்தால் நோயாளி பிழைக்க வேண்டும் அல்லவா? 1985ஆம் ஆண்டில் எலிகளிலும், 1987ஆம் ஆண்டில் பபூன் குரங்குகளிலும் இவ்வெண்ணம் பலித்தது. ரீ.என்.எவ். எனப்படும் அழற்சிப் புரதத்தை முன்கூட்டியே முடக்கிய விலங்குகள் உயிர் தப்பின. மருத்துவ உலகில் பெரும் நம்பிக்கை பிறந்தது.

மனிதரில் அந்நம்பிக்கை பலிக்கவில்லை. 1990களில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தப்பட்ட பரிசோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1996ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனையில், ரீ.என்.எவ். புரதத்தைக் கைப்பற்றி முடக்கும் மருந்தைக் கூடிய அளவில் பெற்றவர்களிடையே இறப்பு அதிகரித்தமையே காணப்பட்டது. எதிர்வினையை அடக்கப் போனவர்கள் நோயாளியை மேலும் பலவீனப்படுத்தியிருந்தனர். கணக்கில் எங்கோ ஒரு பிழை இருந்தது.

அப்பிழை எங்கே என்பதைக் காட்டியவர்களுள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹொட்ச்கிஸ் குழுவினர் முதன்மையானவர்கள். செப்சிஸால் இறந்தவர்களின் உடல்களை அவர்கள் ஆராய்ந்தபோது, மண்ணீரலிலும் ஏனைய நிணநீர் உறுப்புகளிலும் பாதுகாப்புக் கலங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்திருந்தமை தெரியவந்தது. 2011ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் உறுதிப்படுத்தியது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செப்சிஸால் மரணமுற்ற 40 பேரின் மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றிலிருந்து, இறப்பு நிகழ்ந்து சில மணித்தியாலங்களுக்குள் பெறப்பட்ட கலங்களைத் தூண்டிப் பார்த்தபோது, அவை அழற்சிப் புரதங்களைப் போதியளவு சுரக்க இயலாதவையாக இருந்தன. அந்நோயாளிகள் இறந்தபோது அவர்களின் பாதுகாப்புப் படை வெறிகொண்டிருக்கவில்லை. அது ஏற்கெனவே ஓய்ந்து போயிருந்தது.

இதிலிருந்து புதியதொரு சித்திரம் உருவாகியது. ஆரம்ப நாட்களில் மிகையான எதிர்வினையும், அதனோடு கூடவே தொடங்கி நாட்செல்லச் செல்ல மேலோங்கும் எதிர்ப்பாற்றல் முடக்கமும் செப்சிஸின் இரு முகங்களாகும். முதல் அலையில் சிலர் இறக்கின்றனர். அதனைத் தாண்டியவர்களுள் கணிசமானோர் வாரங்கள் கழிந்த பின்னர், ஆரோக்கியமான மனிதரை ஒன்றும் செய்யாத சாதாரணக் கிருமிகளாலும் பூஞ்சணங்களாலும் தாக்குண்டு மடிகின்றனர். உடலில் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்த வைரசுகள் கூட அவர்களில் விழித்தெழுகின்றன. "கிருமி கட்டுப்பட்ட பின்னர் ஏன் இறந்தார்?" எனும் கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகின்றது.

பாதுகாப்புப் படையை ஓயச் செய்வது யார் என்பதே அடுத்த கேள்வி. இதற்கு விடை காண்பதாயின் ஒழுங்காக்கும் ரீ கலங்களின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும்.

நம் உடலின் ரீ கலங்கள், நெஞ்சறையில் அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே பகையெனக் கருதும் கலங்கள் அங்கேயே பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன. எனினும் சில தப்பிவிடுகின்றன. அவற்றை வெளியே கட்டுப்படுத்தி வைக்கும் தனியொரு கலவகை உண்டு என்பதை ஜப்பானிய விஞ்ஞானி சிமோன் சகாகுச்சி 1995ஆம் ஆண்டில் நிறுவினார். அப்போது இக்கருத்தைப் பலர் ஏற்கவில்லை. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர், பிறவியிலேயே தன் உடலைத் தானே தாக்கி இறக்கும் ஒருவகை எலியில் பழுதடைந்திருந்த மரபணுவைக் கண்டறிந்தனர். பொக்ஸ்பீ 3 எனப் பெயரிடப்பட்ட அதே மரபணு பழுதுற்றால் ஆண் குழந்தைகளிலும் அத்தகைய கொடிய நோய் தோன்றுகின்றது என்பதும் தெரியவந்தது. ஒழுங்காக்கும் ரீ கலங்களை உருவாக்கி நிலைநிறுத்துவது இம்மரபணுவே என்பது 2003ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டமை பலரும் அறிந்ததே.

உதவி ரீ கலங்கள் எனப்படும் பெரும் பிரிவினுள், சுகதேகி ஒருவரில், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலானவையே ஒழுங்காக்கும் கலங்களாகும். இச்சிறுபான்மை பல வழிகளில் தன் பணியை ஆற்றுகின்றது. ஏனைய ரீ கலங்கள் பெருகுவதற்கு அவசியமான இன்ரர்லியூகின் 2 எனும் புரதத்தைத் தானே உறிஞ்சிக் கொள்கின்றது. அழற்சியைத் தணிக்கும் இன்ரர்லியூகின் 10 போன்ற புரதங்களைச் சுரக்கின்றது. பகையை இனங்காட்டும் கலங்களோடு ஒட்டிக்கொண்டு அவை எழுப்பும் அபாய அறிவிப்பைத் தாழ்த்துகின்றது. வாகனமொன்றுக்குத் தடுப்பு எத்துணை அவசியமோ, அத்துணை அவசியமானவை இக்கலங்கள். ஆயின், இறக்கத்தில் உயிரைக் காக்கும் அதே தடுப்பு, ஏற்றத்தில் இறுகிப் பிடித்துக் கொண்டால் வாகனம் நகராது.

செப்சிஸில் நிகழ்வது இதுவேயா என்பதை முதலில் ஆராய்ந்தவர்கள் பிரான்சின் லியோன் நகர மருத்துவ ஆய்வாளர்கள். செப்சிஸ் நோயாளிகளின் குருதியில் ஒழுங்காக்கும் ரீ கலங்களின் விகிதம் குறிப்பிடத்தக்களவு உயர்ந்து காணப்படுவதாக அவர்கள் 2003ஆம் ஆண்டில் அறிவித்தனர். உடலே தடுப்புக் கலங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். அடுத்த ஆண்டிலேயே அக்குழுவினர் அதற்கு முக்கியமானதொரு திருத்தத்தை முன்வைத்தனர். ஒழுங்காக்கும் கலங்கள் பெருகியமையால் விகிதம் உயரவில்லை, ஏனைய ரீ கலங்கள் அழிந்தமையாலேயே அது உயர்ந்தது என்பதே அத்திருத்தம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். நூறு கலங்களில் பத்து ஒழுங்காக்குபவை, தொண்ணூறு போரிடுபவை எனக் கொள்வோம். போரிடும் தொண்ணூறில் அறுபது மடிந்து முப்பது எஞ்ச, ஒழுங்காக்கும் பத்தும் அப்படியே தப்பினால், மொத்தம் நாற்பதில் பத்து, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து என அவற்றின் பங்கு உயர்ந்துவிடுகின்றது. ஒரு கலமும் புதிதாகப் பிறவாமலேயே தடுப்பின் பலம் இரண்டரை மடங்காகிவிட்டது. செப்சிஸில் ஏனைய கலங்களை வாரிக்கொண்டு செல்லும் கல மரணத்துக்கு ஒழுங்காக்கும் கலங்கள் கூடிய எதிர்ப்பைக் காட்டுகின்றன என்பதும் ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. போர்வீரர் வீழ்ந்த களத்தில், போரை நிறுத்தச் சொல்லும் அதிகாரிகள் மாத்திரம் எஞ்சியிருப்பது போன்றதே இது. இவ்விகித உயர்வு நாட்கணக்கில் நீடிக்கும் நோயாளிகளில் ஏனைய ரீ கலங்கள் தூண்டுதலுக்கு மந்தமாகவே மறுமொழி கூறுகின்றன என்பதையும் லியோன் ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இத்துணை அறிந்தபின், இக்கலங்களை அழித்துவிட்டால் நோயாளி பிழைப்பார் என முடிவு கட்டுவது எளிது. ஆனால் விலங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் அம்முடிவுக்கு இடமளிக்கவில்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுகூடத்தில் தூண்டப்பட்ட ஒழுங்காக்கும் கலங்களைச் செப்சிஸுக்குள்ளான எலிகளுக்கு மேலதிகமாக வழங்கியபோது, அவை கூடுதலாக உயிர் பிழைத்தன. 2006ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், அக்கலங்களைக் குறைத்தமை இறப்பு வீதத்தில் எவ்வித மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. 2013ஆம் ஆண்டில் ஜெர்மனிய ஆய்வாளர்கள், கடுமையான செப்சிஸிலிருந்து எலிகள் மீள்வதற்கு இக்கலங்கள் இன்றியமையாதவை எனக் கண்டனர். நுரையீரலில் ஏற்படும் கடும் அழற்சிக் காயம் ஆறுவதற்கும் இவற்றின் உதவி தேவை என்பதை 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த எலி ஆய்வு காட்டியிருந்தது. அதேவேளை, செப்சிஸிலிருந்து மீண்ட எலிகளைப் பின்னர் லீஜியனெல்லா எனும் பற்றீரியாவுக்கு உட்படுத்திய பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், அவை எளிதில் இறப்பதற்கு எஞ்சி நிற்கும் ஒழுங்காக்கும் கலங்களின் ஆதிக்கமும் காரணம் என 2010ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றும் இம்முடிவுகளை, காலம் எனும் அளவுகோலைக் கொண்டு நோக்கினால் முரண்பாட்டின் பெரும்பகுதி நீங்கிவிடும். தொற்றின் ஆரம்பத்தில் எதிர்வினை கட்டுமீறும்போது இக்கலங்கள் உறுப்புகளைக் காக்கின்றன. சேதமுற்ற இழையங்கள் ஆறும் காலத்திலும் துணை நிற்கின்றன. ஆபத்து நீங்கிய பின்னரும் பிடியைத் தளர்த்தாதபோதே அவை பாதகமாகின்றன. எனவே இக்கலங்கள் நல்லனவா, தீயனவா எனும் வினாவே பொருத்தமற்றது. எந்த நோயாளியில், எந்த நாளில், எவ்வளவு என்பதே வினவப்பட வேண்டியது. 1990களின் மருந்துகள் தோல்வியுற்றமைக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றும் இதுவே. வெவ்வேறு கட்டங்களிலிருந்த நோயாளிகள் அனைவருக்கும் ஒரே மருந்து ஒரே விதமாக வழங்கப்பட்டிருந்தது.

அளவும் காலமும் அறியாது இவ்வமைப்பில் கைவைப்பதன் விபரீதத்தை 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டனில் நிகழ்ந்த சம்பவம் உணர்த்தியது. ரீ.ஜீ.என். 1412 எனும் மருந்து, ஒழுங்காக்கும் ரீ கலங்களைப் பெருக்கி, வாதநோய் போன்றவற்றைத் தணிக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. குரங்குகளில் அது தீங்கெதுவும் விளைவிக்கவில்லை. விலங்குகளுக்குப் பாதுகாப்பானது எனக் கண்ட அளவின் ஐந்நூறில் ஒரு பங்கே, ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றப்பட்டது. இரு மணித்தியாலங்கள் கழியுமுன்னரே அவர்கள் உடல் நடுங்கி வீழ்ந்தனர். தொற்று எதுவுமின்றியே, செப்சிஸை ஒத்த அழற்சிப் புயலில் சிக்கி, பல உறுப்புகள் செயலிழந்த நிலையில் அதிதீவிர சிகிச்சைக்கு உள்ளாகினர். அறுவரும் உயிர் தப்பியமை மருத்துவர்களின் அயராத முயற்சியாலேயே ஆகும். தடுப்புக் கலங்களைத் தட்டியெழுப்ப நினைத்த மருந்து, போரிடும் கலங்களையே ஒருசேரத் தட்டியெழுப்பிவிட்டது. விலங்கில் கண்ட உண்மை மனிதனிலும் அவ்வாறே அமையும் என எண்ணுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இது நிலையான சான்றாகும்.

காலமறிந்து செயற்படுவதன் பயனுக்கும் சான்றுண்டு. கொவிட் பெருந்தொற்றின்போது, 2020ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட பரிசோதனையில், அழற்சியை அடக்கும் பழைய மலிவான மருந்தான டெக்சாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாத நிலையிலிருந்தவர்களுக்கு அதனால் நன்மை கிட்டவில்லை. நோயும் மருந்தும் ஒன்றாயிருக்க, நோயின் கட்டமே பயனைத் தீர்மானித்தது.

ஆகவே நோயாளி எக்கட்டத்தில் இருக்கின்றார் என்பதைக் குருதிப் பரிசோதனையால் அறிவதே இன்றைய ஆய்வுகளின் பிரதான நோக்கமாக உள்ளது. சில வெண்குழியங்களின் மேற்பரப்பில் உள்ள குறிப்பிட்ட புரதத்தின் அளவு வீழ்ச்சியடைந்திருத்தல், நிணநீர்க்குழியங்களின் எண்ணிக்கை பல நாட்களாகக் குறைந்தே இருத்தல் ஆகியன எதிர்ப்பாற்றல் முடக்கத்தின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. 2018ஆம் ஆண்டில் வெளியான சிறு பரிசோதனையொன்றில், நிணநீர்க்குழியங்கள் குறைந்திருந்த 27 நோயாளிகளிடையே, இன்ரர்லியூகின் 7 எனும் புரதத்தைப் பெற்றவர்களின் போரிடும் ரீ கலங்கள் மூன்று நான்கு மடங்காகப் பெருகின; ஆபத்தான அழற்சிப் புயல் எதுவும் மூளவில்லை. தடுப்பை உடைப்பதற்குப் பதிலாக, வீழ்ந்த படையை மீள எழுப்பிச் சமநிலையை ஏற்படுத்தும் முயற்சி இது. எனினும் இம்முறையால் உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதை நிறுவுவதற்குப் பெரும் பரிசோதனைகள் அவசியம். ஒழுங்காக்கும் ரீ கலங்களை இலக்காகக் கொண்ட சிகிச்சை எதுவும் செப்சிஸ் நோயாளிகளுக்கு வழக்கமாக வழங்கப்படும் நிலை இன்னும் உருவாகவில்லை.

இவற்றிலிருந்து சாதாரண மக்களாகிய நாம் பெற வேண்டியவை சிலவுண்டு. நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டித் தருவதாகக் கூறும் பானங்களும் மாத்திரைகளும் விளம்பரங்களில் மலிந்து கிடக்கின்றன. அச்சக்தி கூடக்கூட நன்மையே எனும் எண்ணம் பிழையானது என்பதை செப்சிஸ் ஒன்றே போதியளவு உணர்த்துகின்றது. மிகினும் குறையினும் உயிரைப் பறிக்கக்கூடிய சக்தி அது. உடலுக்கு வேண்டியது சமநிலையே.

அடுத்தது, காலத்தின் அருமை. காய்ச்சலோடு மனத் தடுமாற்றம், வேகமான சுவாசம், சிறுநீர் குறைதல், கைகால்கள் குளிர்ந்து தோல் நிறம் மாறுதல், மிகுந்த சோர்வு ஆகியன தோன்றுமிடத்து, வீட்டில் வைத்துப் பார்ப்போம் என ஒரு நாளைக் கடத்துவது பேராபத்தாகும். முதியோரிலும் சிசுக்களிலும் காய்ச்சல் இன்றியே இந்நிலை தோன்றலாம். குருதி அமுக்கம் வீழ்ந்த நோயாளிக்கு ஒரு மணித்தியாலத்தினுள் நுண்ணுயிர் எதிரி மருந்து வழங்கப்பட வேண்டும் என 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் வலியுறுத்துகின்றது. எதிர்வினை நிலைதவறுமுன் தொற்றை அடக்குவதே, பாதுகாப்புக் கலங்களின் பேரழிவையும் அதன் பின்வரும் முடக்கத்தையும் தவிர்க்கச் சிறந்த வழியாகும். கைகளைத் தூய்மையாக வைத்திருத்தல், காயங்களைப் பேணுதல், தடுப்பூசிகளை உரிய வேளையில் பெறுதல் என்பன அதனினும் முந்திய அரண்கள்.

இறுதியாக, செப்சிஸிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர் பற்றியும் கூற வேண்டும். நடமாடத் தொடங்கிவிட்டார் என்பதால் அவரது உடல் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகக் கருதலாகாது. அவரது பாதுகாப்பு அமைப்பு மாதக்கணக்கில் தளர்ந்திருக்கக் கூடும். வீட்டில் தடிமனோ இருமலோ உள்ளோர் அவரிடமிருந்து சற்று விலகியிருப்பதும், அவருக்கு மீளக் காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும், முன்னர் செப்சிஸ் ஏற்பட்டிருந்தமையை அங்கு முதல் வார்த்தையாகத் தெரிவிப்பதும் குடும்பத்தினரின் கடமையாகும். புதிய மருந்துகள் வரும்வரை காத்திருக்காமல், இன்றே எவரும் செய்யக்கூடிய காரியங்கள் இவை.